சுண்டெலி பிழைக்கும், குதிரை பிழைக்காது

ஆயிரம் கஜம் ஆழமுள்ள ஒரு சுரங்கக் குழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வாயிலிருந்து ஒரு சுண்டெலியைக் கீழே போட்டால் என்ன ஆகும்? அடித்தரை சற்று மெத்தென்று இருக்குமானால் சுண்டெலிக்கு லேசான அதிர்ச்சி உண்டாகும். பிறகு உடம்பை உதறிக்கொண்டு எழுந்து தன் வழியே போய்விடும். பெரிய எலியைப் போட்டால் அது செத்துப்போகும். மனிதன் விழுந்தால் எலும்பு நொறுங்கிவிடும். குதிரை விழுந்தால் என்ன ஆகும் என்பதை எழுதாமல் விடுவதே நலம்.

நம் வீட்டில் சாப்பாட்டு வேளையில் இந்தக் கேள்வியை ஒரு நாள் போட்டோம். பள்ளிக்கூடம் போகும் பையன் காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டான். பாட்டியோ, "வாயில்லாத ஜீவனை எதற்காகக் குழியில் போட வேண்டும்? உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டார். இரண்டு பேர் சொன்னதும் இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமானதே. பாட்டியின் கட்சியைப் பின்னால் கவனிப்போம்.

சுண்டெலிக் கணக்கைச் சொன்னவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற ஆங்கிலேய ஜீவசாஸ்திரி. 1926-ம் வருஷம் ஓர் அமெரிக்க மாதப் பத்திரிகையில் அவர் எழுதிய சின்னஞ்சிறு கட்டுரையில் இது வருகிறது. ஒவ்வொரு பிராணிக்கும் அதற்குத் தகுந்த ஓர் அளவு உண்டு என்பதே கட்டுரையின் விஷயம். அது வெளிவந்து சுமார் நூறு வருஷம் ஆகிறது. என்றாலும், ஜீவ சாஸ்திரத்தைச் சாமானிய ஜனங்களுக்குச் சொல்வது எப்படி என்று யார் கேட்டாலும், அறிந்தவர்கள் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தக் கட்டுரையைத்தான்.

சுண்டெலி ஏன் பிழைக்கிறது? ஒரு பிராணியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். அதன் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் உடம்பின் மேற்பரப்பு நூற்றில் ஒரு பங்குதான் ஆகும். விழுகிற பிராணியைக் கீழே இழுப்பது எடை. தாங்கிப் பிடிப்பது மேற்பரப்பின்மேல் மோதும் காற்று. ஆகவே சிறிய பிராணிக்கு இழுப்பவன் பலம் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்து, தாங்குபவன் பலம் நூற்றில் ஒன்றாக மட்டும் குறைகிறது. பெரிய பிராணியைவிடப் பத்து மடங்கு நன்றாகக் காற்று அதைத் தாங்குகிறது என்று அர்த்தம். நம் பையனும் காகிதத்தில் போட்டுப் பார்த்து இதே விடைக்கு வந்து சேர்ந்தான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ராட்சதர்களின் கதி என்ன என்பது தெரிந்துவிடும். சிறு வயதில் கதைப் புத்தகத்தில் படமாகப் பார்த்த அறுபது அடி ராட்சதர்களை ஹால்டேன் எடுத்துக்கொள்கிறார். மனிதனைப்போல் பத்து மடங்கு உயரம். ஆகையால் ஆயிரம் மடங்கு எடை. ஆனால் துடை எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான். அதாவது, எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் நம் எலும்பு தாங்குவதைப்போல் பத்து மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். மனிதனுடைய துடை எலும்போ சுமார் பத்து மடங்கு பாரத்தில் முறிந்துவிடும். எனவே அந்த ராட்சதன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் தன் காலையே முறித்துக்கொள்வான். கும்பகர்ணன் ஏன் பெரும்பாலும் படுத்தே இருந்தான் என்பதற்கு இப்படி ஒரு சமாதானம் இருக்கிறது போலும்! எலும்பைப் பற்றிய இந்த உண்மையை இத்தாலியில் கலிலியோ 1638-ம் வருஷத்திலேயே எழுதிவைத்துவிட்டார். ஹால்டேன் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை; மறுபடியும் அதற்கு உயிர் கொடுத்தார்.

இன்னொன்று. குளித்துவிட்டுக் கரையேறுகிற மனிதன்மேல் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கனத்துக்குத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் எடை ஏறக்குறைய ஒரு ராத்தல். அதை நாம் ஒரு சுமையாக நினைப்பதே இல்லை. நனைந்த சுண்டெலியோ தன் எடையளவு தண்ணீரைச் சுமக்க வேண்டும். ஈ நனைந்தால் தன்னைப்போல் பல மடங்கு எடையைச் சுமக்க நேரும். மாடியிலிருந்து விழுவதற்கு அஞ்சாத பூச்சி, ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அஞ்சுகிறது. பாயசத்தில் விழுந்த ஈ படும் பாட்டை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! பார்த்தோமே தவிர, அது ஏன் என்று நமக்குத் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரையில் சூத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. முடிக்கும்போது மட்டும் அவர் ஒரு குறும்பு செய்கிறார். பிராணிகளுக்கு அளவு இருப்பதுபோல ராஜ்ய முறைகளுக்கும் அளவு உண்டு என்கிறார்; பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதையும் பொதுவுடைமையாக்குவதைக் கற்பனை செய்வதும், யானை குட்டிக்கரணம் போடுவதைக் கற்பனை செய்வதும் தமக்கு ஒன்றுதான் என்று சொல்லி விலகிக்கொள்கிறார். பின்னாளில் அவரே பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

ஹால்டேன் 1892-ம் வருஷம் நவம்பர் மாதம் 5-ந் தேதி ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தகப்பனார் ஜான் ஸ்காட் ஹால்டேனும் பெரிய உடலியல் ஆராய்ச்சியாளர். நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளிகளைக் கொல்லும் விஷ வாயுக்களைப் பற்றி அவர் ஆராய்ந்துவந்தார். ஆபத்தை முன்கூட்டி அறியச் சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கொண்டுபோகும் வழக்கம் அவருடைய யோசனையால் வந்தது. மகன் சிறுவனாக இருந்தபோதே அவனையும் சுரங்கத்துக்கு அழைத்துப் போவார். ஒரு தடவை கூரை தாழ்ந்த ஓரிடத்தில் நிறுத்தி, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஸீஸரின் பிரேதத்துக்கு முன் அந்தோணி செய்யும் பிரசங்கத்தை ஒப்பிக்கச் சொன்னார். பையன் நிமிர்ந்து நின்று ஆரம்பித்தான். சில வரிகளுக்குள் மூச்சு வாங்கியது. கால் துவண்டு தரையில் விழுந்தான். விழுந்த இடத்தில் காற்று நன்றாக இருந்தது, தெளிந்து எழுந்தான். சுரங்கத்தில் ஊறும் மீதேன் வாயு காற்றைவிட லேசானது, ஆகையால் மேலே தங்கும் என்பதை இதற்குமேல் ஒருவனுக்கு விளக்க வேண்டுமா? இந்தக் காலத்துத் தாய்மார்கள் இப்படிப்பட்ட பாடத்துக்குச் சம்மதிக்க மாட்டார்கள். அந்தக் காலத்துத் தாயாரிடமும் யாராவது அனுமதி கேட்டிருப்பார்களா என்பது சந்தேகந்தான்.

அந்தப் பையன் கலாசாலையில் படித்துத் தேறியது கிரேக்க, லத்தீன் இலக்கியங்களிலும் கணிதத்திலும். விஞ்ஞானத்தில் அவருக்குப் பட்டமே கிடையாது. ஆயினும், கணிதத்தை டார்வின் கொள்கையோடு இணைத்துப் பரிணாமத்தின் வேகத்தைக் கணக்கிட்ட மூவரில் ஒருவர் என்ற ஸ்தானம் அவருக்கு ஏற்பட்டது. மற்ற இருவர் பிஷரும் அமெரிக்கரான ஸீவல் ரைட்டும். முதல் மகாயுத்தத்தில் காயமடைந்த ஹால்டேன், மெஸபொடேமியாவிலிருந்து சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நம் நாட்டை அவர் முதன்முதல் பார்த்தது அப்போதுதான்.

தகப்பனாரிடம் கற்ற பாடத்தை அவர் விடவில்லை. உடம்பைப் பற்றிய சோதனையைத் தம் உடம்பிலேயே செய்வார். ரத்தத்தில் புளிப்பு மிகுந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக நவச்சாரத்தைக் கரைத்துக் குடித்துப் பல நாள் மூச்சு இரைத்துக்கொண்டு கிடந்தார். முயலை வைத்துச் சோதித்தால் போதாதா என்றால், தலை வலிக்கிறதா என்று கேட்டால் முயல் பதில் சொல்லாது அல்லவா?

1939-ம் வருஷம் ஜூன் மாதம் 'தீட்டிஸ்' என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் குடாவில் வெள்ளோட்டத்தின்போது மூழ்கிப்போயிற்று. உள்ளே இருந்தவர்களில் நால்வர் மட்டும் தப்பினர். 99 பேர் மாண்டனர். இறந்தவர்களில் பலர் கடற்படை வீரர்களே அல்லர். கப்பலைக் கட்டிய தொழிலாளிகளும் அவர்களைப்போல் வேலை நிமித்தமாக ஏறியிருந்தவர்களும். தொழிற்சங்கங்கள் ஹால்டேனை அணுகின. எஃகு அறை ஒன்றில் அவரும் சில நண்பர்களும் தங்களை அடைத்துக்கொண்டு, வெளிவிட்ட மூச்சையே மறுபடியும் மறுபடியும் சுவாசித்து, கரியமிலவாயு மிகுந்த காற்றில் மனிதனுடைய அறிவும் கையும் எப்படித் தடுமாறும் என்பதைப் பார்த்தார்கள். தப்பிக்கும் வழி இருந்தும் அந்த மனிதர்கள் ஏன் தப்ப முடியவில்லை என்பதை அவரால் விசாரணையில் விளக்க முடிந்தது. அதே தொடரான சோதனைகளில் பிராணவாயு மிகுதியால் வலிப்புக் கண்டு அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. செவிப்பறை கிழிந்துபோனதைப் பற்றிக் கேட்டபோது, இனிமேல் சுருட்டுப் புகையைக் காது வழியாக விட்டு நண்பர்களை மகிழ்விக்கலாம் என்று பதில் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் 1937 முதல் 1950 வரை லண்டனில் வெளிவந்த 'டெய்லி ஒர்க்கர்' என்ற தொழிலாளர் பத்திரிகைக்கு வாரந்தோறும் விஞ்ஞானக் கட்டுரை எழுதினார். முந்நூறுக்கு மேற்பட்ட கட்டுரைகள்! லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் பேராசிரியர். ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர். பாமர ஜனங்களுக்கு எழுதுவது கௌரவக் குறைவு என்று எண்ணும் வித்வான்கள் எந்தத் தேசத்திலும் உண்டு. ஹால்டேன் அப்படி எண்ணவில்லை. தொழிலாளியின் வரிப் பணமும் ஆராய்ச்சிக்குப் போகிறது. ஆராய்ச்சியின் விளைவு அவன் உடம்பிலும் சாப்பாட்டிலும் வந்து விடிகிறது. அவனுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

எழுதும் வகையைப் பற்றியும் அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதன் சாரம் மிகவும் எளியது. யாருக்காக எழுதுகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள். உன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காக நீ எழுதவில்லை. வாசகனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து, ஒரு பறவையின் கூவலிலிருந்தோ ஒரு பாலாடைக் கட்டியிலிருந்தோ, ஆரம்பி. எழுதியதை விஷயம் அறியாத நண்பன் ஒருவனுக்குப் படித்துக் காட்டு. அப்படி ஒருவன் அகப்படாவிட்டால் ஆறு மாதம் பெட்டியில் வைத்திருந்து, உனக்கே விளங்குகிறதா என்று பார்!

பாலாடைக் கட்டி அவர்கள் வீட்டுப் பண்டம். நம் வீட்டில் அதற்கு நேரானது தயிர். இரவில் பிரை ஊற்றிவைக்கும் அம்மாள், தினந்தோறும் ஒரு ஜீவசாஸ்திரப் பரிசோதனையைக் கையாளுகிறாள். பிரை மோரின் ஒரு துளியில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. அவை பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில் பாலின் புரதம் திரண்டு உறைகிறது. பாலை முதலில் காய்ச்சுவது, வேண்டாத கிருமிகளைக் கொல்வதற்கு. ஆறவைத்துப் பிரை ஊற்றுவது, வேண்டிய கிருமிகள் சாகாமல் இருப்பதற்கு. மார்கழிக் குளிரில் தயிர் உறையத் தாமதமாவது, அந்த ஜீவன்களுக்கும் குளிரில் சுறுசுறுப்புக் குறைவதால். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதே போன்ற வேறு கிருமிகள்தாம் நாள்பட்ட சோற்றை ஊசிப்போகச் செய்கின்றன, சில சமயம் குழந்தையின் வயிற்றைக் கெடுக்கின்றன என்று அடுத்த படிக்குப் போனால், கேட்பவள் மறுக்கமாட்டாள். முதல் படி அவளுக்குச் சொந்தமாக இருக்கிறது. தொடக்கத்திலேயே கிருமிகளின் லத்தீன் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போயிருப்பாள். தவறு அவளுடையது ஆகாது.

இத்தனை புகழ்ந்த பிறகு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். மறைத்தால் ஹால்டேனுக்கே அது பிடித்திராது.

ருஷ்யாவில் நிகோலாய் வாவிலோவ் என்ற மகா பண்டிதர் இருந்தார். உலகமெங்கும் சுற்றித் தானிய விதைகளைச் சேகரித்து, மரபியல் என்று இக்காலத்தில் நாம் சொல்லும் பாரம்பரிய சாஸ்திரத்தின்படி பயிர்களை விருத்தி செய்ய முயன்றவர். 1928-ல் ஹால்டேனை ருஷ்யாவுக்கு அழைத்து உபசரித்தவரும் அவரே. அவருக்கு எதிரியாகக் கிளம்பினார் லைஸென்கோ. விதைகளைக் குளிரிலும் ஈரத்திலும் பழக்கினால் அவற்றின் குணமே மாறிச் சந்ததிக்கும் இறங்கும் என்று அவர் சொன்னார். ஸ்டாலினுடைய தயவு லைஸென்கோவுக்குக் கிடைத்தது. வாவிலோவ் 1940-ல் கைது செய்யப்பட்டு, 1943-ல் ஸராடவ் சிறையில் மாண்டார். 1948-ல் லைஸென்கோவின் கொள்கையே அரசாங்கக் கொள்கை என்று ஏற்பட்டு, பாரம்பரிய சாஸ்திரத்தைக் கற்பிப்பதே அந்நாட்டில் நின்றுபோயிற்று.

அந்த வருஷ முடிவில் லண்டன் ரேடியோவில் நான்கு விஞ்ஞானிகள் இதைப் பற்றிப் பேசினார்கள். நால்வரில் ஹால்டேன் ஒருவர். பிஷரும் டார்லிங்டனும் பளிச்சென்று கண்டித்தார்கள். ஹால்டேனோ மரபியலை விட்டுக்கொடுக்கவில்லை. லைஸென்கோவைக் கண்டிக்கவும் அவருக்கு வாய் வரவில்லை. இதில் கொஞ்சம் இருக்கலாம், அதில் கொஞ்சம் இருக்கலாம் என்று நழுவினார். நவச்சாரத்தைக் குடிக்கவும் எஃகு அறையில் மூச்சுத் திணறவும் அஞ்சாதவர், தம் கட்சிக்காரர்களின் முகம் சுளிப்பதற்கு அஞ்சினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. வேறு யார் இப்படிச் செய்திருந்தாலும் இவ்வளவு பாதகமில்லை. பதினோரு வருஷமாக வாரந்தோறும் அவருடைய பேச்சைக் கேட்டுவந்த தொழிலாளி, மரபியலைத் தானே சோதித்துப் பார்க்க முடியாது; ஹால்டேன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினவன் அவன். நிபுணர்கள் மத்தியில் சொல்லும் பொய்யை இன்னொரு நிபுணர் கண்டுபிடித்துவிடுவார். சாமானியனிடம் தயங்கிச் சொன்ன அரை உண்மையைத் திருத்துவதற்கு யார் வருவார்கள்? பிற்காலத்தில் அவர் அந்தக் கட்சியை விட்டு விலகினார். 1950-க்குப் பிறகு அந்தப் பத்திரிகையில் அவருடைய வாராந்தரக் கட்டுரையும் இல்லை.

1957-ல் ஹால்டேனும் அவர் மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் இந்தியாவுக்கே குடிவந்தார்கள். கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனத்தை நடத்திய மஹலனோபிஸ் அவரை அழைத்திருந்தார். அதற்கு முந்தின வருஷம் ஸூயஸ் கால்வாய்க்காக பிரிட்டன் எகிப்தின்மேல் படையெடுத்தது. அந்தக் காரியம் தமக்குச் சகிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அறுபது வருஷம் காலுறை போட்டுக்கொண்டது போதும் என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம்! ஜிப்பாவும் வேட்டியும் உடுத்து, மரக்கறி உணவு கொண்டு, பிறகு இந்தியப் பிரஜையாகவும் ஆனார்.

இங்கே வந்து அவர் பார்த்தது என்ன? வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த கருவி வந்தால்தான் ஆராய்ச்சி என்று பல வாலிபர்கள் காத்திருந்தார்கள். அவரோ, "உங்கள் வாசலில் என்ன உதிர்கிறது என்று எண்ணிப் பாருங்கள்" என்கிற போக்கில் அவர்களைத் திருப்பினார். எஸ். கே. ராய் என்பவர் பவழமல்லி மரத்தடியில் உட்கார்ந்தார். பவழமல்லி இரவில் மலர்ந்து விடியற்காலையில் தானே உதிரும். பறிக்கவேண்டிய சிரமம்கூட இல்லை. சில பூவில் ஐந்து இதழ், சிலவற்றில் ஆறு, ஏழு. ஒரே மரத்தில் நாளுக்கு நாள் அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்பதை எண்ணி எழுதினார். பிறகு அது ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் பிரசுரமாயிற்று. வாசலில் கோலம் போட்டுக்கொண்டே அந்தப் பூவைப் பொறுக்கும் நம் பெண்கள் எத்தனை தலைமுறையாக அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள்!

தென்னை மரத்தை ஆராய்ந்தவர் டி. ஏ. டேவிஸ். தென்னையில் மட்டைகள் அடுக்கடுக்காகச் சுற்றி வருவது நமக்குத் தெரியும். அந்தச் சுற்று சில மரங்களில் இடப்புறமாகவும் சிலவற்றில் வலப்புறமாகவும் போகிறது. இடச்சுற்று மரத்தின் தேங்காயை நட்டால் இடச்சுற்றுக் கன்றுதான் வரும் என்று நினைப்போம். அப்படியில்லை, இரண்டு வகையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வருகின்றன. அது சந்ததிக்கு இறங்கும் குணம் அன்று. அதைவிட ஆச்சரியம், இடச்சுற்று மரங்கள் சராசரியில் சற்று அதிகமாகவே காய்த்தன. தோப்பு வைத்திருக்கும் வாசகர்கள் அண்ணாந்து பார்த்துக் கொள்ளலாம். இன்னொரு மாணவர் கே. ஆர். துரோணம்ராஜு, வேலியோரத்து உன்னிச் செடியில் எந்த நிறப் பூவை எந்தப் பட்டாம்பூச்சி நாடுகிறது என்று பார்த்தார். ஒரு காசு செலவில்லை. கண்ணும் பொறுமையும் போதும்.

இப்போது பாட்டியின் கட்சிக்கு வருவோம். பறவைகளைப் படிக்க வேண்டுமானால் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்து அலமாரியில் அடுக்குவது என்பது மேல்நாட்டில் நெடுங்கால வழக்கம். ஹால்டேன் 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பத்திரிகையில், ஹிம்ஸை இல்லாமல் பறவைகளை ஆராய்வது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். கூடு, முட்டை, குஞ்சு, நடத்தை இவற்றைக் கவனிப்பதனால் செத்த பறவை சொல்லாத எத்தனையோ விஷயங்கள் தெரியவரும் என்பது அவர் வாதம். அவர் மனைவியும் எஸ். டி. ஜயகரும் சேர்ந்து ஆள்காட்டிக் குருவியின் குடும்ப வாழ்க்கையை இந்த முறையில்தான் கவனித்து எழுதினார்கள். மனிதனும் மிருகமும் ஒரே குலம் என்று டார்வின் சொன்னது ஐரோப்பியர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது; இந்தியர்களுக்கு அதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது என்றும் அவர் கேட்டார். இதைக் கேட்டு நாம் மார்தட்டிக்கொள்ள அவசியமில்லை. பட்டாம்பூச்சியைக் கொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த நாம், அதை உற்றுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தோமா என்றால் மௌனமாகத்தான் இருக்க வேண்டும்.

கல்கத்தா ஸ்தாபனத்தில் அபிப்பிராய பேதம் உண்டாகி, 1962-ல் அவர் புவனேசுவரத்துக்குப் போய், ஒரிஸ்ஸா அரசாங்கத்தின் ஆதரவில் தனி ஆராய்ச்சிசாலை அமைத்தார்.

அடுத்த வருஷக் கடைசியில், மலத்தில் சில துளி ரத்தம் கலந்திருப்பதைக் கவனித்தார். லண்டனில் வைத்தியர்கள் பார்த்து, மலக்குடலில் கான்ஸர் என்றார்கள். ரண சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே அவர் ஒரு நீண்ட ஹாஸ்யப் பாட்டு எழுதினார். 1964 பிப்ரவரியில் அது 'நியூ ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் வெளிவந்தது. கான்ஸர் என்ற பெயரை உரக்கச் சொல்லவே ஜனங்கள் அஞ்சிய காலம். அவரோ ஹோமர் மகாகவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ட்ராய் யுத்தத்தில் மாண்டவர்களைவிட இந்த நோயால் மாண்டவர் அதிகம் என்று தொடங்கி, தமக்கு நடந்த பரிசோதனைகளை ஒன்றுவிடாமல் எதுகை மோனையோடு வர்ணித்துவிட்டார். நோக்கம் ஒன்றே: சந்தேகம் தோன்றிய அன்றே வைத்தியரிடம் போங்கள், வெட்கப்பட்டுத் தாமதித்தால் அந்த வெட்கமே கொல்லும்.

ஒரு குடும்பப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று நாமும் சற்று யோசித்தோம். பிறகு நமக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் ஞாபகம் வந்தது. ரத்தம் போவதை அவர் மூலம் என்று தாமாகவே தீர்மானித்து, ஒருவரிடமும் சொல்லாமல், ஒன்றரை வருஷம் லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடம்பு பாதியான பிறகுதான் வீட்டாருக்கே தெரிந்தது. பெரும்பாலும் மூலந்தான் என்பது உண்மையே. ஆனால் எது மூலம், எது மற்றது என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். நாமாகச் சொல்லக் கூடாது. ரத்தம் போவது, மலம் போகும் பழக்கம் காரணமில்லாமல் சில வாரம் மாறியிருப்பது, இளைப்பு, சோகை இவற்றில் ஏதாவது இருந்தால் போய்க் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் இந்த நோயில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஹால்டேன் பாட்டாகச் சொன்னதை நாம் வசனமாகச் சொல்லிவிட்டோம். யார் முகம் சுளித்தாலும் சரி.

அவர் பிழைக்கவில்லை. நோய் பரவிவிட்டது. 1964-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி புவனேசுவரத்தில், 72-வது வயதில் காலமானார். தம்மைப் பற்றிய மரண அறிவிப்பைத் தாமே பேசி அந்த வருஷத் தொடக்கத்திலேயே பி. பி. ஸி.க்குப் பதிவு செய்து கொடுத்திருந்தார்.

உயிலில் அவர் எழுதிவைத்தது வைத்தியர்களுக்கு ஒரு சௌகரியத்தைச் செய்தது. உயிரோடிருக்கும் வரையில் தம் உடம்பு ஆராய்ச்சிக்குப் பயன்பட்டதென்றும், இறந்தபின் தமக்கு அதனால் உபயோகம் இல்லையாதலால் மற்றவர்கள் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்றும், அது கெடாமல் குளிரில் வைப்பதற்கான செலவைத் தம் சொத்திலிருந்து முதற் செலவாகக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அதன்படி உடல் ஆந்திர தேசத்திலுள்ள காக்கிநாடாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, ரங்கராய மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.